வார்டில் தொடங்கும் வடிவமைப்பு: மருத்துவக் கருவிப் பயிற்சியின் வரலாறு

மருத்துவக் கருவி வடிவமைப்பை மருத்துவமனையிலேயே கற்பிக்கும் பட்டமேற்படிப்புகள் இந்த நூற்றாண்டில்தான் வேரூன்றின. ஆனால் அவற்றின் தோற்றுவாய் 1950-களின் அறுவை அரங்குகளில் இருக்கிறது.

மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் வால்டன் லில்லஹை குழந்தைகளின் இதயக் குறைபாடுகளை அறுவை செய்து சரிசெய்துவந்தார். அறுவையின்போது சில குழந்தைகளுக்கு இதயத்தின் மின்கடத்தல் தடைப்பட்டுவிடும். சுவர் மின்சாரத்தில் ஓடிய பெரிய பேஸ்மேக்கரே அவர்களுக்குத் துணை. வயர் எட்டும் தூரம்வரைதான் குழந்தை நகர முடியும். 1957 அக்டோபர் 31 அன்று நகரில் மின்சாரம் நின்றது. மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துவந்த மின்பொறியாளர் எர்ல் பேக்கனிடம் லில்லஹை மாற்று கேட்டார். நான்கே வாரத்தில், இசைக்குத் தாளம் காட்டும் மெட்ரோனோம் ஒன்றின் மின்சுற்றைத் தழுவி, உடலில் அணியக்கூடிய பேட்டரிப் பேஸ்மேக்கரைப் பேக்கன் செய்துகொடுத்தார். விலங்கில் சோதித்த மறுநாளே அது ஒரு குழந்தைக்குப் பொருத்தப்பட்டது. இந்த வேகத்துக்குப் பேக்கனின் திறமை மட்டும் காரணமல்ல. அறுவை அரங்கும் அங்குள்ளவர்களும் அவருக்கு ஏற்கெனவே பழக்கம்.

இந்தியாவில் இதே நெருக்கத்தை ஒரு நிறுவனமாகவே கட்டியவர் இதய அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தான். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவமனையும் பொறியியல் பிரிவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கின. அங்கு உருவான செயற்கை இதய வால்வான சித்ரா வால்வின் முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை துடிக்கிறது. அத்தனை முறையும் வால்வு பிசகாமல் திறந்து மூட வேண்டும். நான்காவது வடிவம் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தோல்விகளுக்குப் பிறகும் மருத்துவரும் பொறியாளரும் பிரியாமல் இருந்ததே இந்த வரலாற்றின் சாரம் என்பேன்.

தனிமனித நட்பில் விளைந்ததைப் பாடத்திட்டமாக்கியது ஸ்டான்ஃபோர்டு. இதயநோய் மருத்துவர் பால் யாக், ஜோஷ் மகோவருடன் இணைந்து 2001-இல் அங்கே பயோடிசைன் ஃபெலோஷிப்பைத் தொடங்கினார். மருத்துவர், பொறியாளர் எனப் பல துறையினர் ஒரே குழுவாக முதலில் மருத்துவமனையில் கவனிக்கிறார்கள். பிறகு தேவையை ஒரே வாக்கியத்தில் எழுதுகிறார்கள்: என்ன சிக்கல், யாருக்கு, எந்த விளைவு மாற வேண்டும். தீர்வின் பெயர் அதில் வரக் கூடாது. இந்த விதி மிகப் பயனுள்ளது. ‘நல்ல ஊசி வேண்டும்’ என்று எழுதினால் சிந்தனை ரத்தக்குழாயைத் தாண்டாது. ‘ரத்தக்குழாய் கிடைக்காத அவசர நோயாளிக்கு விரைவாக மருந்து சேர வேண்டும்’ என்று எழுதினால் எலும்பு வழியும் புலப்படும். தில்லி எய்ம்ஸ், ஐஐடி தில்லி ஆகியவற்றோடு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் நடந்த ஸ்டான்ஃபோர்டு-இந்தியா பயோடிசைன் திட்டத்தில் உருவான கருவிகளுள், எலும்புக்குள் மருந்து செலுத்தும் கருவியும் ஒன்று.

தமிழகத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. ஐஐடி மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி., ஸ்ரீசித்திரை ஆகிய மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். படிப்பை நடத்துகின்றன. உயிர்மருத்துவப் பொறியியலில் முதுகலை நடத்தும் மற்ற கல்லூரிகளும் ஒரு பருவத்தையாவது முழுமையாக வார்டுக்கு ஒதுக்க வேண்டும். ஒருநாள் பார்வையிடல் அதற்கு ஈடாகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இம்மாணவர்களைப் பார்வையாளர்களாக நடத்தாமல், பணிக்குழுவில் சேர்த்துக்கொள்ள முன்வர வேண்டும்.