எஃப்.ஏ. ஃபெயிலுக்கு ஒரு வக்கீல்

போன வாரம் எங்கே விட்டோம்? கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டியின் பதில் வந்துவிட்டது. துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா ராமானுஜன் எப்பேர்ப்பட்டவர் என்று சென்னையின் பெரிய மனிதர்களுக்கு உறைத்துவிட்டது.

உறைத்தால் போதுமா?

1913 ஏப்ரல் 7. சென்னைப் பல்கலைக்கழக சிண்டிகேட் கூடியிருக்கிறது. கணிதப் பாடக்குழுவின் பரிந்துரை முன்னால் இருக்கிறது. ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை. இரண்டு வருடத்துக்கு.

விதி குறுக்கே வந்து நின்றது. இந்த உதவித்தொகை எம்.ஏ. முடித்தவர்களுக்குத்தான்.

ராமானுஜன் பி.ஏ.கூட இல்லை.

அட, பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ.வே தேறவில்லையே!

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக அந்தக் கதையை மறுபடி சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த பையன், கணக்கைத் தவிர எதையும் தொடவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் கோட்டை விட்டான். உதவித்தொகை போயிற்று. பருவத்துக்கு 32 ரூபாய் கட்டணம். அப்பாவுக்கோ புடவைக் கடையில் மாதம் இருபது ரூபாய் வாக்கில் சம்பளம்.

அம்மா கோமளத்தம்மாள் நேரே முதல்வரிடம் போய் நின்றார். கணக்கில் என் பிள்ளைக்கு ஈடு யார், அவனுக்கா உதவித்தொகையை நிறுத்துவீர்கள் என்று கேட்டார். முதல்வர் மரியாதையாகத்தான் பேசினார். இறங்கி மட்டும் வரவில்லை. விதி விதிதான்.

அதற்குப் பிறகு பையன் சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடியது, திரும்பி வந்தும் வருகைப் பதிவு போதாமல் போனது எல்லாம் உங்களுக்குத் தெரியும். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. இந்தத் தடவை கவிழ்த்தது உடம்பு. மூன்று மாதம் வகுப்புக்குப் போனார், படுத்துவிட்டார். படிப்பு பாதியில் நின்றது. அப்படியும் விடாமல் போய்ப் பரீட்சை எழுதினார். கணிதத்தில் தேறினார். மற்றதில் எல்லாம் தோல்வி. ஒன்றில் சறுக்கினாலே மொத்தமும் ஃபெயில் என்ற காலம் அது. உடம்பு சரியில்லாமல் வகுப்பு போன கதையை மதிப்பெண் பட்டியலில் எழுத ஏது இடம்? வெறும் ‘ஃபெயில்’தான் மிஞ்சியது.

அந்த ஒற்றைச் சொல்தான் ஏப்ரல் 7-இல் எழுந்து வந்து வழி மறிக்கிறது.

மறுத்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்விழித்துப் படித்து எம்.ஏ. வாங்கிய பையன்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில்? இன்றைக்கு ஒருவருக்கு வளைத்தால் நாளைக்கு வாசலில் வரிசை நிற்காதா? பல்கலைக்கழகம் நடத்துகிறவனுக்கு வரவேண்டிய பயம்தான் இது.

ராமானுஜன் பக்கமும் ஆள்பலம் உண்டு. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பிடித்த பழைய ‘சீனியர் ராங்க்ளர்’, பிப்ரவரி கடைசியில் துறைமுகத்துக்கு வந்து நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார். மறுநாளே பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார். பாடக்குழு கூடியபோது பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஹனுமந்த ராவ் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார். ராமானுஜனின் மேலதிகாரி நாராயண ஐயரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ராமானுஜனின் கணக்கை ராமானுஜனைவிட அவர் நன்றாக விளக்குவார் என்ற நம்பிக்கை!

மகர்பட்டாவில் இருந்து இந்தத் தொடரைப் படிக்கும் புனே தமிழர்களுக்கு ஒரு தகவல். இந்த நாராயண ஐயர் இந்தியக் கணிதக் கழகத்துக்காரர். அந்தக் கழகத்தின் நூலகம் இருந்தது உங்கள் ஊர் ஃபெர்குசன் கல்லூரியில். ராமானுஜனின் முதல் கட்டுரை 1911-இல் வெளிவந்ததும் அந்தக் கழகத்தின் இதழில்தான். எஃப்.ஏ. பாஸா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

சிண்டிகேட் கேட்கிறது.

கடிதங்கள் இருக்கின்றன. ஹார்டியின் பெயர் இருக்கிறது. எல்லாம் புகழ்ச்சி. புகழ்ச்சியை வைத்து விதியை உடைக்க முடியாது. விதியை உடைக்க இன்னொரு விதிதான் வேண்டும்.

அப்போது ஒருவர் எழுந்தார்.

நீதிபதி பி.ஆர். சுந்தரம் ஐயர். உயர் நீதிமன்றத்துக்காரர். சட்டத்தை எந்தப் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? ராமானுஜனின் மதிப்பெண்ணை அவர் தொடவே இல்லை. முதல்வரிடம் கோமளத்தம்மாள் தோற்ற வாதம் அது. இவர் பல்கலைக்கழகத்தையே கூண்டில் ஏற்றினார். இந்தப் பல்கலைக்கழகத்தை உண்டாக்கிய சட்டத்தின் முகவுரை என்ன சொல்கிறது? ஆராய்ச்சியை வளர்ப்பதும் நம் வேலை என்றுதானே? படிப்பில் இவர் எங்கே தவறியிருந்தாலும் சரி, ஆராய்ச்சியில் தன்னை நிரூபித்துவிட்டாரா இல்லையா?

யார் இல்லையென்று சொல்ல முடியும்?

தீர்மானம் நிறைவேறியது.

மதிப்பெண் மாறவில்லை, கவனியுங்கள். எஃப்.ஏ. கடைசிவரை ஃபெயில்தான். ஆனால் சில நாளில் ராமானுஜன் கைக்குச் செய்தி வந்தது. குமாஸ்தா வேலைக்கு விடுப்பு. 30 ரூபாய் இருந்த இடத்தில் 75. காலையிலிருந்து ராத்திரி வரை கணக்கு, கணக்கு, கணக்கு.

சுபம் போட்டுவிடலாம் என்கிறீர்களா? எனக்கும் ஆசைதான்.

கேம்பிரிட்ஜில் ஹார்டி சும்மா இருக்கவில்லை. இந்த ஆள் இங்கே வந்தாக வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை ஆள்மூலம் கேட்டுப் பார்த்து, ராமானுஜனே மறுத்தாயிற்று. 1914 பிறந்ததும் நெவில் என்ற இளம் கணித அறிஞர் சென்னைக்கு வந்து இறங்கினார். வந்தது சொற்பொழிவுக்கு. கூடவே ஹார்டி சொல்லியனுப்பிய வேலை ஒன்றும் இருந்தது.

வைதிகக் குடும்பம். கடல் தாண்டினால் ஜாதி போகும் என்பது அவர்கள் வீட்டு விதி. இதில் தளர்த்து என்று மனுப்போட எந்த சிண்டிகேட்டும் கிடையாது. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் கும்பகோணத்தில் இருக்கிறார். மகனுக்காகக் கல்லூரி விதியோடு மோதிய அதே கோமளத்தம்மாள்!

நெவில் கேட்டுவிட்டார். அம்மா என்ன சொன்னார்?

(அடுத்த வாரம்)