என்டிஎம்-1: குடிநீரிலும் குடலிலும் மருந்தெதிர்ப்பு

என்டிஎம்-1 என்பது சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நொதி. நியூ டெல்லி மெட்டல்லோ-பீட்டா-லாக்டமேஸ் என்பதன் சுருக்கம். பெனிசிலின் முதல் கார்பபெனெம் வரை ஏறக்குறைய எல்லா பீட்டா-லாக்டம் மருந்துகளையும் இது சிதைத்துவிடும். இதற்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் அமைந்திருப்பதால், ஓர் இனத்து பாக்டீரியாவிலிருந்து இன்னோர் இனத்துக்குத் தாவவல்லது. இத்தகைய தாவல் குடலுக்குள் நடக்கக்கூடும் என்பதை 1950-களிலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் சீதபேதி நோயாளிகளிடமிருந்து அறிந்திருந்தனர்.

டெல்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில், 2008-இல், கார்பபெனெமுக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா பாக்டீரியா கண்டறியப்பட்டது. அவரது மலத்திலிருந்த ஈ. கோலையிலும் அதே மரபணு இருந்தது. உடலுக்குள்ளேயே அது கைமாறியிருக்கலாம் என்று கருதப்பட்டது. 2010-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி, பிரிட்டனின் டிமத்தி வால்ஷ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் இந்நொதி கொண்ட பாக்டீரியாக்களைக் காட்டியது.

மருத்துவமனைக்கு வெளியே தேடியதுதான் பெரிய திருப்பம். வால்ஷ் குழு 2010 செப்டம்பர், அக்டோபரில் டெல்லியில் திரட்டிய 50 குழாய்நீர் மாதிரிகளில் 2-இலும், தெருவில் தேங்கிய கசிவுநீர் மாதிரிகள் 171-இல் 51-இலும் மரபணு இருந்தது. காலரா, சீதபேதிக் கிருமிகளும் அதைச் சுமந்தன. சுமார் 30 பாகை செல்சியஸில் மரபணு அதிகம் பரவியது; வட இந்தியாவில் ஆண்டின் பல மாதங்களுக்கு அதுவே இயல்பான வெப்பம். விட்டுவிட்டு நீர் வரும் நகரங்களில் அழுத்தம் குறையும்போது, விரிசல் வழியே சாக்கடை குழாய்க்குள் உறிஞ்சப்படுகிறது. குடித்தவரின் குடலில் இக்கிருமி நோயின்றியே தங்கி, மலத்தோடு மீண்டும் சாக்கடைக்குப் போகிறது.

முடிவுகளை இந்திய அரசு மறுத்தது; நொதிக்குத் தலைநகரின் பெயர் வைத்ததும் சர்ச்சையானது. பெயர் பற்றிய வாதம் ஓங்கியதில் தண்ணீர் பின்னுக்குப் போனது. ஆயினும் மருந்தெதிர்ப்பைக் கட்டுப்படுத்த வழிகாட்டும் சென்னைப் பிரகடனம் 2012-இல் வெளியானது. மருந்துச் சீட்டின்றி முக்கிய ஆன்டிபயாடிக்குகளை விற்பதைத் தடுக்கும் எச்-1 அட்டவணை 2014-இல் நடைமுறைக்கு வந்தது. கடைசிக்கட்ட மருந்தான கோலிஸ்டினைக் கால்நடை, கோழி வளர்ப்பில் பயன்படுத்த 2019-இல் தடை வந்தது. இவ்விரு ஆணைகளும் மருந்துப் பயன்பாட்டையே கட்டுப்படுத்துகின்றன. சாக்கடை கலக்கும் குடிநீர்க் குழாய் அவற்றின் வரம்புக்குள் வருவதில்லை.