மாவிட்டபுரத்து வாசலில் கந்தன்: தெய்வ ஆற்றல் பற்றிய நகைச்சுவையும் யாழ்ப்பாண அரங்கும்

சாதாரண மனிதன் கையில் தெய்வ ஆற்றல் சிக்கினால் என்ன ஆகும்? தமிழ்ச் சினிமாவில் இக்கேள்வியை முழுப்படமாக விரித்தது சிம்புதேவனின் ‘அறை எண் 305-இல் கடவுள்’ (2008). திருவல்லிக்கேணி மேன்சன் ஒன்றில் வேலையின்றிக் கிடக்கும் இரு இளைஞர்கள் (சந்தானம், கஞ்சா கருப்பு) கடவுளைத் திட்டித் தீர்க்கிறார்கள். பிரகாஷ்ராஜ் உருவில் அவர் வந்து சேர்கிறார். அவருடைய ஆற்றல் அடங்கிய பெட்டியை இருவரும் களவாடுகிறார்கள். ஹொலிவூட்டின் ‘புரூஸ் ஓல்மைட்டி’யில் (2003) கடவுளின் ஆற்றலைப் பெற்ற தொலைக்காட்சிச் செய்தியாளன் ஒருவன் எல்லோருடைய வேண்டுதலுக்கும் ஒரேயடியாகச் சம்மதம் சொல்லி ஊரையே குழப்பத்தில் தள்ளுகிறான். இரு படங்களும் போய் முடியுமிடம் ஒன்றுதான்: மனிதன் பக்குவப்படவில்லை, அவன் திருந்த வேண்டும்.

இம்முடிவை நான் ஏற்கவில்லை. படித்த இளைஞனுக்கு வேலை கிடைக்காததற்கு அவனுடைய குணம் காரணமல்ல. தொடக்கத்தில் ஊரின் ஒழுங்கை நோக்கி எழுந்த கோபம், முடிவில் தனிமனிதனின் பேராசை மீதான கண்டிப்பாகச் சுருங்கிவிடுகிறது. கடவுளைச் சென்னைத் தெருவில் நடக்கவிட்ட புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ இந்தத் தவறைச் செய்யவில்லை. ஆனால் இக்கருவை அதன் எல்லைவரை கொண்டுசென்றது யாழ்ப்பாணம் என்பதே என் வாதம்.

1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டபோது, கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம் வாசலை மறித்து நின்றார். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அந்தப் போராட்டத்தின் சூட்டில் பிறந்த நாடகமே என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’. வீட்டுக்குள் அழைக்க மனமின்றி, வந்தவர்களை நிலவொளிக்குக் கூட்டிச்செல்லும் பெரிய மனிதரை ‘நிலவிலே பேசுவோம்’ சிறுகதையில் எழுதியவர் அவர். அங்கே வீட்டு வாசல், இங்கே கோயில் வாசல். இந்நாடகம் முருகனையே மாவிட்டபுரப் போராட்டத்துக்குள் கொண்டுவந்தது.

இதன் நகைச்சுவை எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். சினிமாவில், ஆற்றல் கிடைத்தவன் தடுமாறுவதைக் கண்டு சிரிக்கிறோம். இங்கோ ஆற்றல் உடையவனின் வீட்டுக்கே காவல் போட்டிருக்கிறார்கள். அவன் பெயரால் அவனுடைய அடியாரை மறிக்கிறார்கள். சிரிப்பு காவலர்மீது விழுகிறது, வறியவன்மீது விழுவதில்லை. ஏ. பி. நாகராஜனின் ‘கந்தன் கருணை’ (1967) படம் வெளிவந்து அதிக காலம் ஆகாத நாட்கள் அவை. திரையில் கந்தனின் கருணை சூரனையும் ஆட்கொண்டது. அந்தக் கருணை மாவிட்டபுரத்து வாசலைத் தாண்டி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அதே பெயரை வைத்துக்கொண்டு இந்நாடகம் கேட்டது.

அம்பலத்தாடிகள் குழு இதைக் காத்தவராயன் கூத்துப் பாணியில் மேடையேற்றியது. அதில் நாடகக் கலைஞர் இளைய பத்மநாதனின் பங்கு பெரிது. இந்தத் தெரிவை வெறும் வடிவ உத்தியாக நான் கருதவில்லை. குடாநாட்டு மாரியம்மன் கோயில்களில் நேர்த்திக்காக விடிய விடிய ஆடப்படும் கூத்து அது. விரதமிருந்து காத்தானாக வேடமேற்கும் ஊரவன் அன்றிரவு பார்ப்போருக்கு வெறும் நடிகன் அல்லன். சாதி கடந்து ஆரியமாலையை விரும்பிய காத்தான் கழுமரம் ஏறுவது இதன் உச்சம். சாதாரண மனிதன் தெய்வமாக நிற்பதை இம்மண் எப்போதோ அனுமதித்திருக்கிறது. மேடையில் அனுமதித்ததைக் கோயில் வாசலில் ஏன் மறுத்தார்கள் என்று கேட்க இதைவிடப் பொருத்தமான வடிவம் இருக்கவில்லை.

கூத்தையும் சினிமாவையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்ற மறுப்பு எழலாம். வைக்கத்தான் வேண்டும். தெய்வ ஆற்றல் நகைச்சுவையின் வரலாற்றைக் கோடம்பாக்கத்திலிருந்து மட்டும் எழுதினால், ஆற்றல் ஒருவன் கையிலுள்ள பெட்டி என்ற எண்ணமே அந்த வகைமையின் இயல்பாகத் தோன்றும். ‘கந்தன் கருணை’யை அதனருகே வைத்துப் படிக்கும்போதுதான் அந்தப் பெட்டி சிம்புதேவன் செய்த ஒரு தெரிவு மட்டுமே என்பது புலப்படும்.