வன்னியில் வீடு: இடிந்ததும் எழுந்ததும்

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டுவதன் அருமையை அம்மொழி கூறுகின்றது. இடிப்பதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஆயினும், புதிய வீடொன்றை எழுப்ப விரும்புவோன் பெரும்பாலும் பழைய வீடொன்றை முதலில் நீக்கவேண்டியவனாகின்றான். அந்நீக்கம் எவர் கையால், எக்காலத்தில், எதன்பொருட்டு நிகழ்ந்தது என ஆராய்வோமாயின், ஓர் ஊரின் சரித்திரமே நம் கண்முன் விரியும். அரசரின் மாளிகைகளைப் பற்றி எழுதினோர் பலர். கமக்காரனின் வீட்டைப் பற்றி எழுதினோர் சிலரே. ஆதலால், முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் எடுத்துக்கொண்டு, அங்கு வீடு இடிந்த வகையையும் எழுந்த வகையையும் ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

வன்னியின் பழைய வீடு மண்ணால் ஆனது. காட்டுத் தடிகளை நாட்டி, வரிச்சுக் கட்டி, குழைத்த மண்ணை அப்பிச் சுவரெழுப்பினர். மேலே கிடுகாலோ பனையோலையாலோ வைக்கோலாலோ வேய்ந்தனர். சாணத்தால் மெழுகிய நிலமும், முன்புறத்தே திண்ணையும், வளவின் ஒருபுறத்தே தனி அடுக்களையும் அதன் உறுப்புகளாம். இவ்வீட்டுக்கு ஆயுள் குறைவு. ஆனால் அதனைப் புதுப்பித்தல் எளிது. மாரியிற் சுவர் கரைந்தால் அம்மண்ணையே குழைத்து மீண்டும் பூசலாம். கூரை உக்கினால் அயலவர் கூடி ஒரு பகலில் வேய்ந்துவிடுவர். வீடு முற்றாகப் பழுதுற்றபோதும் அதனை "இடித்தார்கள்" என்பதிலும் "பிரித்தார்கள்" என்பதே பொருந்தும். மண் மண்ணோடு சேர்ந்தது; முதிரை, பாலை முதலிய வைர மரங்களாலாகிய நிலையும் வளையும் பாட்டன் வீட்டிலிருந்து பேரன் வீட்டுக்குச் சென்றன.

கல்வீடு பரவியது பிற்காலத்திலேயே. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கப்பட்டபின் சீமெந்து வடபகுதியில் எளிதிற் கிடைக்கும் பொருளாயிற்று. எனினும் பொருள் கிடைத்தாற் போதுமா? அதனை வாங்கப் பணம் வேண்டுமன்றோ? 1970 முதல் 1977 வரை இலங்கை அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை ஏற்பட்டது. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய குடியேற்றங்களில் மிளகாய் பயிரிட்டோர் கையிற் காசு புழங்கிற்று. மண்வீட்டைப் பிரித்து ஓட்டுவீடு கட்டும் துணிவும் அதனோடு பிறந்தது. நெற்றி வியர்வை கல்லாக மாறிய காலம் அது எனலாம்.

அக்காலத்திற் பழைய வீட்டை நீக்கிய முறை நம் கவனத்துக்குரியது. வளவின் ஒரு மூலையிற் கொட்டில் ஒன்று போடப்படும். சுவாமிப் படங்களும் அடுப்பும் முதலில் அதனுட் செல்லும். நிலையம் எடுத்து, நல்ல நாளில் அத்திவாரக் கல் வைத்த பின்னரே வேலை தொடங்கும். கோயிலைத் திருத்துமுன் மூர்த்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்யும் முறையை நம் ஆலயங்களில் எல்லோரும் கண்டிருக்கின்றோம். வளவிற் போட்ட கொட்டில் அக்குடும்பத்தின் பாலாலயம். பழையதை இடித்தபோதும் இருப்பு அறாதபடி காத்த ஏற்பாடு இது. குடிபூரலன்று அடுப்பு புதுவீட்டுக்குத் திரும்பும், பால் பொங்கும், கொட்டில் பிரிக்கப்படும்.

இவ்வொழுங்கு நெடுநாள் நிலைக்கவில்லை. 1990இல் யுத்தத்தினாற் காங்கேசன்துறைத் தொழிற்சாலை நின்றது. பொருளாதாரத் தடையால் சீமெந்தும் இரும்பும் வன்னிக்குள் வருதல் அரிதாயிற்று. 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் பலர் வன்னியின் மரநிழல்களிற் கொட்டில் போட்டனர். ஓட்டுவீட்டிற் பிறந்தோர் மீண்டும் மண்சுவருக்குட் புகுந்தனர். 2002 பெப்ரவரி 22இற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டபின் தடை தளர்ந்தது. கட்டடவேலை மீண்டும் தொடங்கிற்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரத்தை வாரிக்கொண்டு போயிற்று. வடகிழக்கிற் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென அரசு விதித்தது. கரையோர மக்களின் முன்னே பழைய மனைக்குத் திரும்புவதா என்ற கேள்வி எழுந்தது.

அடுத்து நிகழ்ந்ததை வீட்டின் சரித்திரத்திற் புதுமையானதொரு நிகழ்ச்சி என்றே கூறவேண்டும். 2008இல் போர் நெருங்க நெருங்க, வன்னி மக்கள் தம் வீடுகளைத் தாமே பிரித்தனர். ஓட்டையும் தகரத்தையும் இறக்கி, கதவையும் யன்னலையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டனர். போன இடத்தில் அத்தகரத்தையே கூரையாக்கினர். மறுபடியும் பிரித்து ஏற்றினர். 2009 ஜனவரி 2இற் கிளிநொச்சி வீழ்ந்தபின் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு எனப் பயணம் நீண்டது. போகப் போகச் சுமை குறைந்தது. பனங்குற்றிகள் பதுங்குகுழிக்குப் போயின. சேலைகள் மண்மூட்டைகளாகத் தைக்கப்பட்டன. முள்ளிவாய்க்காலை அடைந்தபோது வீடென்று சொல்லத் தறப்பாள் ஒன்றே எஞ்சியது. அவ்வாண்டு மே மாதம் யுத்தம் முடிந்தபோது அதுவும் பலருக்கு இல்லை.

மணலின்மேல் வீடு கட்டியவனின் உவமையை மிஷன் பாடசாலைகளிற் கற்ற நாம் அறிவோம். கற்பாறைமேற் கட்டியவன் புத்தியுள்ளவன். மணலின்மேற் கட்டியவன் புத்தியில்லாதவன் என்பது அதன் பாடம். வன்னியிலோ கல்லாற் கட்டியதும் மண்ணாற் கட்டியதும் ஒருங்கே விழுந்தன. அவ்வீழ்ச்சிக்குக் கட்டியவனின் அறியாமை காரணமன்று.

செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. கண்ணிவெடி அகற்றப்பட்ட பின்னரே ஊர்களுக்கு மக்கள் திரும்பலாயினர். கடைசியாகத் திரும்பியோரில் புதுக்குடியிருப்புப் பகுதியாரும் அடங்குவர். வளவில் நின்றவை ஓடற்ற சுவர்கள், துளைபட்ட தூண்கள், தூர்ந்த கிணறுகள். சுவர் நின்றாலும் அதன்மேற் கூரை ஏற்ற இயலாது. ஆதலின் பலர் தம் பழைய வீட்டின் எச்சத்தைத் தாமே இடித்து அப்புறப்படுத்தினர். முந்திய தலைமுறை நல்ல நாள் பார்த்துப் பிரித்த வீட்டை, இத்தலைமுறை கட்டட இடிபாடாக அள்ளிக் கொட்டியது. பாலாலயத்தின் இடத்தில் தகரக் கொட்டிலே நின்றது.

இந்திய அரசு 2010இல் 50,000 வீடுகளை அமைத்துத் தர முன்வந்தது. முதல் ஆயிரம் வீடுகளை ஒப்பந்தகாரர் கட்டினர்; அவை 2012 ஜூலையில் முடிந்தன. 2012 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்தநாளில், இரண்டாங்கட்டம் ஆரம்பமாயிற்று. இதிற் பயனாளியே தன் வீட்டைக் கட்டுவோன். புதுவீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்தத்துக்கு 250,000 ரூபாவும் வேலை முன்னேற முன்னேறப் பகுதி பகுதியாக வங்கிக்கணக்கிற் சேர்ந்தன. வீட்டின் பரப்பு ஏறக்குறைய 550 சதுர அடி. தன் வீட்டைத் தானே மேற்பார்த்துக் கட்டுவதில் மனிதனுக்குத் தன்மதிப்பு உண்டு. இது பெரிய நன்மை. ஆனால் எல்லோரும் ஒரே வேளையிற் கட்டத் தொடங்கவே மணலும் மரமும் கூலியும் விலையேறின. குறைந்த தொகையை நிரப்பப் பலர் கடன்பட்டனர்; நகை ஈட்டுக்குப் போனது. வீடு எழுந்தது, கடனும் அதனோடு எழுந்தது.

பின்னர் 65,000 இரும்புத் தகட்டு வீடுகளைக் கொண்டுவரும் திட்டமொன்று 2015இல் தோன்றிற்று. வெப்பம் மிகுந்த நாட்டுக்கு அவை பொருந்தா, பழுதானால் ஊர் மேசனால் திருத்த இயலா, செலவோ மிகுதி என வடபகுதியிற் பலர் மறுத்தனர், திட்டம் நிறைவேறவில்லை. வீடு எதனாற் கட்டப்படவேண்டும் என்பதில் குடியிருப்போனுக்கும் ஒரு சொல் உண்டென்பதை அம்மறுப்பு உணர்த்திற்று. காணியே கையில் இல்லாதோரின் துயரம் இதனினும் பெரிது. கேப்பாப்புலவுப் பிலக்குடியிருப்பு மக்கள் 2017இல் ஒரு மாதம் விமானப்படை முகாமின் வாசலிலிருந்து தம் மனைகளைக் கேட்டுப் பெற்றனர் என்பதை மறத்தல் ஆகாது.

உலக சரித்திரத்தில் இதற்கு ஒப்பாக ஒன்றைக் கூறலாம். 1944இல் தரைமட்டமாக்கப்பட்ட வார்சோ நகரின் பழைய பகுதியைப் போலந்து மக்கள் பழைய ஓவியங்களையும் வரைபடங்களையும் துணைக்கொண்டு முன்போலவே எழுப்பினர். இடிபாட்டுச் செங்கல்லையும் அதற்குப் பயன்படுத்தினர். அவர்களிடம் வரைபடம் இருந்தது. நம் மண்வீட்டுக்கோ வரைபடம் இல்லை. அது முதியோரின் நினைவில் மட்டும் வாழ்கின்றது.

ஆதலின் இளைஞர்களாகிய நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மண்வீட்டுக்கே திரும்புவோம் என்று நாம் கூறவில்லை. பாம்புக்கும் மழைக்கும் அஞ்சாது உறங்கும் உரிமை எல்லோர்க்கும் உரியது. புதுவீடு வேண்டும், உறுதியாகவும் வேண்டும். ஆனால் எஞ்சியுள்ள பழைய வீடொன்று நீக்கப்படுமுன், அதன் அளவையும் அமைப்பையும் எழுதி வைப்போம். திண்ணை எங்கிருந்தது, அடுக்களை எத்திசையில் இருந்தது, நிலையைச் செதுக்கியவர் எவர் என முதியோரைக் கேட்டறிவோம். நல்ல நிலையொன்று கிடைக்குமாயின், அதனை விறகாக்காமல் புதுவீட்டின் வாசலில் நிறுத்துவோம். பேரப்பிள்ளை அதனூடாக நடந்துசெல்லும்போது, இவ்வளவிலே முன்பும் ஒரு வீடு இருந்தது என்பதை எவரும் சொல்லாமலே அறிந்துகொள்ளும்.