காப்பீட்டு அட்டையும் அன்றாட மாத்திரையும்

அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் மருந்துச் செலவு முழுவதும் அதில் அடங்கிவிடும் என்று நம் மக்களில் பலர் நம்புகின்றனர். ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்கே பொறுப்பேற்கிறது. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாட்கள், வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலான மருந்துகளும் அதில் அடங்கும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய மாத்திரைகள் அதில் சேரா.

புறநோயாளிக்கும் மருந்து வழங்குவது, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிலாளர் அரசுக் காப்பீடாகிய இ.எஸ்.ஐ. இது பொருந்தும் நிறுவனங்களில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, இதற்கு உரியவர்கள். ஊதியத்தில் தொழிலாளி 0.75 விழுக்காடும், வேலை அளிப்பவர் 3.25 விழுக்காடும் செலுத்த வேண்டும். குடும்பத்தினருக்கும் மருத்துவ வசதி உண்டு.

தலித்துகளே பெரும்பான்மையாக உழைக்கும் தூய்மைப் பணி, இன்று பல நகரங்களில் ஒப்பந்ததாரர் கையில் உள்ளது. பிடித்தம் செய்த தொகையை அவர் செலுத்தாவிட்டால், மருத்துவர் எழுதித் தரும் மருந்தைத் தொழிலாளி கடையில் காசு கொடுத்து வாங்க நேரிடும். ஆகவே 10 இலக்கக் காப்பீட்டு எண்ணை ஒவ்வொருவரும் கேட்டுப் பெற வேண்டும். ஊதியச் சீட்டிலுள்ள பிடித்தமும் இ.எஸ்.ஐ. கணக்கில் பதிவான தொகையும் மாதந்தோறும் ஒத்துப்போகின்றனவா எனப் பார்க்க வேண்டும். இணையவழியில் இதைச் சரிபார்க்க மாணவர்கள் துணைநிற்கலாம். உழைப்பிலிருந்து பிடிக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்பது நம் உரிமை.