தாவர நத்தைக்கொல்லிகள்

தாவர நத்தைக்கொல்லிகள் என்பவை, பயிரை அழிக்கும் நத்தைகளையும் நோய்ப் புழுக்களைச் சுமக்கும் நன்னீர் நத்தைகளையும் கொல்லும் தாவரப் பொருள்கள். சப்போனின், ஆல்கலாய்டு, பிளேவனாய்டு, டெர்பீன் சேர்மங்கள் இவற்றில் அடங்கும். சப்போனின்களே மிகுதியாக ஆராயப்பட்டவை.

இத்துறையின் பெயர்பெற்ற தாவரம் எத்தியோப்பியாவின் எண்டோட் (ஃபைட்டோலாக்கா டோடெகாண்ட்ரா). அதன் காய்களை அந்நாட்டுப் பெண்கள் சோப்பாகப் பயன்படுத்தினர். அட்வா நகரில் அவர்கள் துணி துவைத்த இடத்துக்குக் கீழே ஓடையில் நத்தைகள் செத்துக் கிடந்ததை 1964-இல் எத்தியோப்பிய அறிவியலாளர் அக்லிலு லெம்மா கவனித்தார். நன்னீர் நத்தைகள் வழியே பரவும் சிஸ்டோசோமியாசிஸ் என்னும் புழுநோய்க்கு எதிரான இப்பணிக்காக அவரும் உடன் ஆய்வாளர் லெகெஸ்ஸே வோல்டே-யோஹான்னஸும் 1989-இல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றனர். எண்டோட்டின் முழுக் காயில் சப்போனின் பெரும்பாலும் வீரியம் குறைந்த வடிவிலேயே இருக்கும். காயை நசுக்கி நீரில் ஊறவைத்தால் காயிலுள்ள நொதியே அதை வீரிய வடிவாக்குகிறது.

சப்போனின் உயிரணுச் சவ்வின் கொலஸ்ட்ராலோடு பிணைந்து சவ்வைத் துளைக்கிறது. அரளி, கள்ளிப்பால் முதலியவற்றின் நச்சுகள் வேறு வழியில் தாக்குகின்றன. கால்நடைகளின் ஈரல் புழுவைப் பரப்பும் லிம்னேயா நத்தையில் இவை நரம்பு நொதியான அசெட்டைல்கோலினெஸ்டரேசை முடக்குகின்றன. திசுப் புரதமும் நியூக்ளிக் அமிலமும் குறைகின்றன.

நெல் வயலின் தங்க ஆப்பிள் நத்தைக்குத் தேயிலை விதைப் பிண்ணாக்கு இடப்படுகிறது. இப்பொருள்கள் நீரில் விரைவில் சிதைபவை. எனினும் ‘இயற்கையானது’ என்பதால் தீங்கற்றவை என்று கொள்ளலாகாது: சப்போனின் மீன்களுக்கும் நஞ்சு.