ரயில் இப்போது எங்கே?

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி, அடி அண்ணாமலை வழியே போகும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். இந்தியாவின் அகல ரயில்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1,676 மில்லிமீட்டர். லெகோ பொம்மை ரயிலில் அது சுமார் 37.5 மில்லிமீட்டர். நிஜத்தில் 45இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதே கணக்கில் மலையைச் சுற்றும் பாதையையும் சுருக்கினால் 311 மீட்டர் வருகிறது. 128 மில்லிமீட்டர் நீளமுள்ள லெகோ தண்டவாளத் துண்டுகள் 2,430 வரை பிடிக்கும்.

இடமும் பணமும் இருந்தால் பதித்துவிடலாம். தொல்லை அதற்குப் பிறகுதான். சுருக்கிய பின்னும் வட்டத்தின் குறுக்களவு சுமார் 100 மீட்டர். கிழக்கே ராஜகோபுரப் பக்கம் நின்று ஒரு பிள்ளை ரிமோட்டை அமுக்கினால், மேற்கே அடி அண்ணாமலையைக் கடக்கும் ரயிலுக்கு அந்தக் கட்டளை போய்ச் சேராது. நடுவில் மலை வேறு. ஆகவே ரயிலே தெரிந்துகொள்ள வேண்டும், தான் எங்கே இருக்கிறோம், எங்கே நிற்க வேண்டும் என்று. லெகோ ரயிலுக்கு மோட்டார் வைத்தவர்கள் அறுபது ஆண்டுகளாக முட்டிமோதுவது இந்த ஒரு கேள்வியோடுதான். நிஜ ரயில்காரர்களுக்கு அது இன்னும் பழைய தலைவலி.

தமிழ் நிலத்தில் விளையாட்டு வண்டிக்கு வயது அதிகம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் இரண்டு பாட்டுகளிலும் அதைக் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையில் வருவது யாரும் ஏறிப் போகாத தேர். தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்தது. பட்டினப்பாலையில் வருவது மூன்று சக்கரச் சிறுதேர். குதிரை இல்லாமல் குழந்தைகளே உருட்டுகிறார்கள். முற்றத்தில் காயும் உணவைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண் எறிந்த காதணி, தேர் போகும் வழியில் கிடந்து தடுக்கிறது. பாதையில் தடை என்ற சிக்கல் அப்போதே வந்துவிட்டது. தீர்வு குழந்தையின் கையில் இருந்தது. பின்னால் வந்த பிள்ளைத்தமிழ் மரபு ஆண்பாலுக்குக் கடைசிப் பருவமாகச் சிறுதேரையே வைத்தது. இழுப்பவரும் ஓட்டுபவரும் வழி பார்ப்பவரும் ஒருவரே என்பதால் அந்த வண்டிக்குத் தனியாக அறிவு எதுவும் தேவைப்படவில்லை.

திருவண்ணாமலைக்கு நிஜ ரயில் வந்தது 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில். தென்னிந்திய ரயில்வே விழுப்புரத்திலிருந்து காட்பாடிப் பக்கம் போட்ட மீட்டர்கேஜ் கிளை அது. புதுப் பாதை பற்றிய செய்தி எவ்வளவு மெதுவாகப் பரவியது என்பதற்கு ஊரறிந்த சாட்சி ஒருவர் உண்டு. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் வீட்டைவிட்டுக் கிளம்பிய பதினாறு வயது வேங்கடராமன் பார்த்தது பழைய வரைபடம். அதில் இந்தக் கிளை இல்லை. திண்டிவனம்தான் கிட்டத்து நிலையம் என்று நினைத்து, இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்து அங்கே டிக்கெட் எடுத்தார். விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் உண்டு என்று வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. மிச்சமிருந்த காசு மாம்பழப்பட்டு வரைதான் போதுமானதாக இருந்தது. அங்கிருந்து நடந்து, அறையணிநல்லூர், கீழூர் என்று தங்கி, காதுக் கடுக்கனை அடகு வைத்து, மறுபடி ரயிலேறி, செப்டம்பர் 1 காலையில் வந்து இறங்கினார். பிற்காலத்தில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அழைத்தது. அவர் டிக்கெட் வாங்கிய திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு நேர்ப் பாதை ஒன்றுக்கு 2006-07இல் ஒப்புதல் கிடைத்தது. சுமார் 70 கிலோமீட்டர்தான். இத்தனை ஆண்டு இழுத்தடிப்புக்கு அந்தத் தூரம் காரணமாக இருக்க முடியாது.

ரயில் எங்கே என்ற கேள்விக்குத் திரும்புவோம். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் காக்க ரயில்வே கண்ட வழி எளிமையானது. அடுத்த நிலையம் வரை பாதை காலி என்று இரு நிலைய அதிகாரிகளும் மின்கம்பி வழியே ஒத்துக்கொண்டால்தான், கருவியிலிருந்து ஓர் உலோகப் பந்து வெளியே விழும். அது தோல்பையில் வைத்து, பிரம்பு வளையத்தில் கோக்கப்பட்டு டிரைவர் கைக்குப் போகும். அந்தப் பந்து இல்லாமல் வண்டி நகரக் கூடாது. நீல்ஸ் டோக்கன் கருவி என்று பெயர். நடைமேடையில் ஒருவர் வளையத்தை உயர்த்திப் பிடிக்க, ஓடும் இன்ஜினிலிருந்து கை நீட்டி அதைக் கோத்து எடுப்பதை மீட்டர்கேஜ் காலத்தவர் பலர் பார்த்திருப்பார்கள். ரயில் எங்கே இருக்கிறது என்பதை ரயிலே அறியாது. இரண்டு நிலையங்களும் சேர்ந்து அறிந்து வைத்திருந்தன.

டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932இல் தொடங்கிய பட்டறைதான் லெகோ. ஒன்றோடொன்று இறுகப் பொருந்தும் இன்றைய பிளாஸ்டிக் கட்டைக்குக் காப்புரிமை கோரியது 1958 ஜனவரி 28 அன்று. 1966இல் மோட்டார் வைத்த முதல் ரயில் வந்தது: நீலத் தண்டவாளம், 4.5 வோல்ட் பேட்டரி. ஓடும், நிற்கும், அவ்வளவுதான். ஆனால் 1968இல் ஒரு வேடிக்கை செய்தார்கள். விசில் ஊதினால் நிற்கிற, மறுபடி ஊதினால் கிளம்புகிற மின்னணு ரயில். தூரத்திலிருந்து தொடாமல் கட்டளை கொடுக்கும் இன்றைய செயலிகளுக்கு இதுவே பாட்டன். அதைவிடக் கெட்டிக்காரத்தனம், தண்டவாள ஓரத்தில் வைத்த சிக்னல் கம்பம். அதன் நெம்பு, கடந்து போகும் பேட்டரிப் பெட்டியின் ஸ்விட்சைத் தட்டி வண்டியை நிறுத்திவிடும். மின்னணு எதுவும் இல்லாமலே, பாதை ரயிலிடம் பேசிய தருணம் அது. இந்தக் கதையில் அதிகம் பாராட்டப்படாத கண்டுபிடிப்பு என்று அந்த நெம்பைச் சொல்லலாம்.

அடுத்து அதிகாரம் தண்டவாளத்துக்குப் போனது. 12 வோல்ட் ரயிலுக்கு நடுவே தனியாக மின்தடம். 1980 வரிசையில் பாயிண்ட் மாற்றுவது, சிக்னல் போடுவது, கேட் மூடுவது எல்லாமே மேசையில் உட்கார்ந்தபடி. 1991இல் 9 வோல்ட் வந்தபோது தண்டவாளமே உலோகப் பூச்சோடு மின்சாரத்தைக் கடத்தியது. நம்பகமான ஏற்பாடு, ஆனால் ஒரே பாதையில் இரண்டு ரயில் விட்டால் இரண்டும் ஒரே குமிழுக்குக் கட்டுப்பட்டவை. ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நிற்கும். மற்ற மாடல் ரயில்காரர்கள் இதற்கு ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி முகவரி கொடுக்கும் டிஜிட்டல் முறையை 1990களில் ஏற்றுக்கொண்டார்கள். லெகோ அந்த வழியில் போகவில்லை.

அது போன வழி 1998இல் புலப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சீமோர் பேப்பர்ட் 1980இல் எழுதிய நூலின் பெயரையே வைத்து 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டது. மூன்று சென்சாரும் மூன்று மோட்டாரும் செருகக்கூடிய, கணினியில் நிரல் எழுதி ஏற்றக்கூடிய ஒரு மஞ்சள் கட்டை. அதே ஆண்டில் புனேயில் ஜோஷி குடும்பத்தின் மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் திறந்தது. ஒரு முழு நகரத்தையே தானாக இயங்க வைத்த கூடம் அது. இந்தியாவில் பொம்மை ரயிலைப் பொழுதுபோக்காக மட்டும் பார்க்காமல் பொறியியலாகப் பார்த்த இடங்களில் முதலில் சொல்ல வேண்டியது.

2006இல் பேட்டரி மறுபடி வண்டிக்குள் ஏறியது. தண்டவாளம் வெறும் பிளாஸ்டிக் ஆனது, ரிமோட் அகச்சிவப்புக் கதிரில் பேசியது. 9 வோல்ட் தண்டவாளத்துக்குப் பணம் கொட்டியிருந்த ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. அகச்சிவப்புக்கு நேர்ப் பார்வை வேண்டும், வெயிலும் ஆகாது. 2018இல்தான் ப்ளூடூத் ஹப் வந்தது. ஆறு சின்ன பேட்டரிகள், இரண்டு துளைகள்: ஒன்றில் மோட்டார், மற்றதில் விளக்கோ சென்சாரோ. ரிமோட்டாலும் ஓட்டலாம், கைப்பேசிச் செயலியாலும் ஓட்டலாம். இரண்டு ரயில்களுக்கு இரண்டு ஹப், இரண்டு தனி வேகம்.

ஆனால் இந்த ரயில் மோட்டாருக்குத் தன் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று தெரியாது. லெகோவின் வேறு சில மோட்டார்களில் சுற்றெண்ணும் சென்சார் உள்ளேயே உண்டு; இதில் இல்லை. வேகம் 50 என்று கட்டளையிட்டால் பாதி மின்சாரம் போகும், அவ்வளவுதான். பேட்டரி இறங்க இறங்க அதே 50க்கு வண்டி மெதுவாகும். பத்து விநாடி ஓடி நில் என்று எழுதிய நிரல் காலையில் ஓரிடத்திலும் மாலையில் இன்னோரிடத்திலும் நிறுத்தும். நேரத்தை நம்பி நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் இதில் விழுந்து எழுகிறார்கள்.

தீர்வு, பாதையில் அடையாளம் வைப்பது. மழலையருக்கான லெகோ டூப்ளோ ரயிலில் 2018இலேயே இது வந்துவிட்டது. ஐந்து நிறக் கட்டைகள்: ஒன்றின் மேல் போனால் நிற்கும், ஒன்றில் ஹாரன் அடிக்கும், ஒன்றில் திரும்பி ஓடும். வண்டியின் அடியிலுள்ள சென்சார் நிறத்தைப் படிக்கிறது. இதை வெறும் குழந்தை வேலை என்று தள்ளிவிட முடியாது. சென்னை-கும்மிடிப்பூண்டி புறநகர் தடத்தில் 2008இல் பொருத்திய ரயில் பாதுகாப்பு எச்சரிக்கை முறை, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பெட்டிகள் வழியாகச் சிக்னல் நிலையை இன்ஜினுக்குச் சொன்னது. சிவப்பைத் தாண்டப் பார்த்தால் பிரேக் தானே விழும். 2020இல் தேசிய முறையாக ஏற்கப்பட்ட 'கவச்' அமைப்பிலும் ஸ்லீப்பர் கட்டைகளில் பதித்த வில்லைகளைப் படித்துத்தான் இன்ஜின் தன் இடத்தை அறிகிறது. இரண்டு நிலையங்கள் பந்து ஒன்றில் பூட்டி வைத்திருந்த தகவல் இப்போது வண்டிக்கே வந்துவிட்டது.

கிரிவலப் பாதை இப்படி அடையாளம் வைத்த பாதைதான்: இந்திரன், அக்னி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என்று எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்கள். அடி அண்ணாமலை வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் இடையில் வருகிறது. ரயிலுக்கும் எட்டு நிறம் வைக்கலாம் என்று தோன்றும். சென்சார் குழப்பமில்லாமல் பிரித்தறியும் நிறங்கள் ஐந்தாறுதான். எனவே ஒரே நிறத்தை எட்டு இடத்தில் வைத்து எண்ணிக்கொண்டு போகலாம். ஆனால் வேகத்தில் ஒன்றைத் தவறவிட்டால் அதற்குப் பிறகு எல்லாமே பிசகும். அதனால் தொடக்க இடத்தில் மட்டும் வேறு நிறம் வைத்து, அங்கே வந்ததும் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குவார்கள். பட்டையையும் நீளமாக வைக்க வேண்டும். குட்டைப் பட்டையை ஓடும் வண்டி படிப்பதற்குள் கடந்துவிடும்.

இதற்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. லெகோவின் சொந்தச் செயலியில் நிரல் ஓடுவது கைப்பேசியில். ஹப் அதன் பேச்சைக் கேட்டு ஆடுகிறது. தொடர்பு அறுந்தால் அறிவும் போச்சு. லாரன்ஸ் வால்க், டேவிட் லெக்னர் இருவரும் முன்னின்று உருவாக்கிய பைபிரிக்ஸ் என்ற திறந்தமூல மென்பொருள் நிரலை ஹப்புக்குள்ளேயே ஏற்றிவிடுகிறது. மைக்ரோபைத்தான் மொழியில் சில வரிகள் போதும். கைப்பேசியை அணைத்துவிட்டாலும் ரயில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டில் இதைச் செய்து பார்ப்பது செலவு பிடித்த காரியம். பொம்மை இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. 2021 ஜனவரி முதல் பெரும்பாலான பொம்மைகளுக்கு இந்தியத் தர முத்திரை கட்டாயம். மின்சாரப் பொம்மைக்குத் தனித் தரநிலை. உள்ளூர்த் தொழிலைக் காக்க இவை தேவைதான். எம்ஆர்எஃப் குழுமத்தின் ஃபன்ஸ்கூல் 1987இல் தொடங்கியது. ஒரு காலத்தில் லெகோ பெட்டிகளை இந்தியாவில் விற்றதும் அதுவே. அதன் ஆலைகளில் ஒன்று ராணிப்பேட்டையில் இருக்கிறது.  ஆனாலும் நிரல் ஏற்றக்கூடிய ரயில் ஹப் ஒன்றை இந்தியக் கம்பெனி எதுவும் பரவலாக விற்பதாகத் தெரியவில்லை. காசில்லாத கல்லூரிப் பிள்ளைகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎஸ்பி32 என்ற நுண்கட்டுப்பாட்டுப் பலகையையும் ஒரு மோட்டார் டிரைவரையும் வாங்கி, தண்டவாளத்துக்கடியில் காந்தம் வைத்து இதே வேலையை முடித்துக்கொள்கிறார்கள்.

நம் ஊர் ரயிலையே கட்டைகளில் கட்ட நினைப்பவருக்கு இன்னொரு கணக்கு காத்திருக்கிறது. பெரம்பூரில் 1955 முதல் இயங்கும் ஐசிஎஃப் தொழிற்சாலையின் நீலப் பெட்டி 3.245 மீட்டர் அகலம், 21.3 மீட்டர் நீளம். 45இல் ஒன்றாகச் சுருக்கி, லெகோ கட்டையின் மேலுள்ள புள்ளிகளை அளவாக எண்ணினால் 9 புள்ளி அகலம், சுமார் 60 புள்ளி நீளம். அகலம் சரி. ஆனால் லெகோவின் வளைவுத் தண்டவாளத்துக்கு ஆரம் 40 புள்ளிதான், அதாவது 32 சென்டிமீட்டர். அதில் இந்தப் பெட்டி திரும்பும்போது நடுப்பகுதி உள்பக்கம் பிதுங்கிப் பக்கத்துக் கம்பத்தில் இடிக்கும். நிஜ அகலப்பாதையில் மிகக் கூர்மையான வளைவுக்கே ஆரம் 175 மீட்டர். அதையும் சுருக்கினால் ஏறக்குறைய 4 மீட்டர். ஒரு முழு வட்டத்துக்கு எட்டு மீட்டர் அகலக் கூடம் வேண்டும். கல்யாண மண்டபம் வாடகைக்கு எடுக்க முடியாதவர்கள் பெட்டியில் நாலைந்து ஜன்னலைக் குறைத்துவிடுகிறார்கள்.